ஹன்னின் கிண்ணம்

மூன்றாம் மாடியிலிருந்து ஹன் ஏறி வந்தாள்,
கையில் பச்சை நிற பிளாஸ்டிக் கிண்ணம்,
அதில் இரண்டு விரற்கடை தண்ணீர்.
"இது உன்னுடையது" என்றாள்.

பதினொரு வருடமாகக் கீழ்வீட்டுக்காரி.
லிஃப்டில் ஒரு தலையசைப்பு,
தெருமுனையில் அவள் கடையில்
பாலுக்கும் ரொட்டிக்கும் மீதிச் சில்லறை.
அவ்வளவுதான் பழக்கம்.

முகர்ந்து பார்த்தேன். பாசி வாசம்.
என்னுடையதுதான்.

தொட்டியின் பின்மூலையில்
வேர்வைபோல ஒரு கோடு.
துடைத்தால் இல்லை,
தேநீர் போட்டுத் திரும்பினால் இருக்கிறது.
எத்தனை மாதமாகவோ
ஞாயிறுதோறும் ஒரு குவளை ஊற்றி மட்டம் நிரவிவிட்டு
ரேடியேட்டர் சூட்டில் ஆவியாகிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிர்னோ டிராம் பணிமனையில் இரவு வேலை எனக்கு.
சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும்,
எந்தச் சக்கரத்தில் விரிசல் என்று சொல்லிவிடுவேன்.
வரவேற்பறை மூலை என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் தட்டிப் பார்க்கவில்லை.

டெட்ரா இருபத்திரண்டும் குளியல் தொட்டிக்குப் போயின.
கடைசி ஒன்றைப் பிடிக்க முக்கால் மணி நேரம்.
பிறகு சரளையை மக்கில் அள்ளும்போது
அடியில் ஏதோ நெளிந்தது.
கோடு போட்ட விலாங்குக்குட்டி மாதிரி
பென்சில் தடிமனில் ஒரு லோச்.
செத்துவிட்டதென்று
இரண்டு வருடத்துக்கு முன்பே கணக்கிலிருந்து அடித்த மீன்.
விளக்கணைந்த பின் வெளியே வந்து
மிச்சம் மீதியைத் தின்று
கொழுத்திருக்கிறது.
அதனிடம் மன்னிப்புக் கேட்பதா,
வாடகை கேட்பதா?
ஹன்னின் கிண்ணம் பக்கத்தில் இருந்தது.
அதில் விட்டேன்.

பழைய சிலிக்கான்மேல் புதியது பிடிக்காது.
டியூபின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது.
ஆக, ஒரு மூலையை மட்டும் பூசித் தப்பிக்க முடியாது.
ஐந்து கண்ணாடியையும் அறுத்துப் பிரித்தேன்.
சவரக்கத்தியால் சுரண்டச் சுரண்ட
நகம் வெட்டிய துண்டுகளாக, ரப்பர் புழுக்களாக
மூன்று நாள் வந்துகொண்டே இருந்தது.
சுத்தமாகிவிட்டது என்று நினைத்த இடத்தில்
விரல் வழுக்கவில்லை என்றால் இன்னும் இருக்கிறது.
வழுக்கினால், இதோ,
கட்டைவிரலில் மூன்று தையல்.

ஒட்டுவதற்கு இரண்டு கை போதாது.
கீழே போய் மணியடித்தேன்.
கடையைப் பூட்டிவிட்டு வந்தாள்,
நீளக் கண்ணாடியை நிறுத்திப் பிடித்துக்கொண்டு
அசையாமல் நின்றாள்.
நான் நாடா ஒட்டினேன், பசை பிதுக்கினேன்,
ஈர விரலால் ஓரம் இழுத்தேன்.
வீடெல்லாம் காடி நெடி.
"ஊறுகாய் போடுகிறாயா, யித்கா?"
அவள் வாயிலிருந்து என் பெயர்
அன்றைக்குத்தான் முதல் தடவை வந்தது.
நான் சிரித்ததில் கோடு கோணிவிட்டது.
அந்தக் கோணல் இன்னும் அங்கேயே இருக்கிறது.

காய ஒரு வாரம்.
பணிமனையில் குளித்தேன்.
பல் தேய்க்கக் குழாயைத் திறந்தால்
இருபத்திரண்டும் சத்தத்துக்கு ஓடி வந்தன.

எட்டாம் நாள் சுற்றிலும் செய்தித்தாள் விரித்து
வாளி வாளியாக ஊற்றினேன்.
தொட்டி முனகியது, அல்லது நாற்காலி.
இரவு ஒரு மணி வரை
விளையாட்டுப் பக்கத்தின் ஓரத்தையே பார்த்திருந்தேன்.
காகிதம் ஈரமாகவில்லை.
இரண்டு மணிக்கு ஹன்னுக்குச் செய்தி அனுப்பினேன்:
கூரையைப் பார்.
உடனே பதில்:
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வெள்ளையடித்தேன்.
முதல் பூச்சில் கறை மறைந்தது,
காய்ந்ததும் வெளிறிய மஞ்சளில் திரும்பி வந்தது.
இரண்டாவது பூச்சுக்குப் பிறகும்
தெரிந்தவர் கண்ணுக்குத் தெரியும்.

ஏணியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள்.
சரியாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை,
இல்லை என்றும் சொல்லவில்லை.

"அது போகட்டும்,
என் கிண்ணம் எங்கே?"